கேஸ் நிரப்பியும் சூடான காற்று வருகிற கார் ஏசி: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆறு வருடம் ஓடிய கார். நான்கு மாதங்களுக்கு முன் ஏசியில் குளிர் குறைந்தது. பணிமனையில் கேஸ் நிரப்பிக் கொடுத்தார்கள், சரியாக இருந்தது. மறுபடியும் குறைந்தது, மறுபடியும் நிரப்பினார்கள். இரண்டாவது முறை மூன்று வாரம்தான் தாங்கியது. இப்போது வண்டி ஓடும்போது ஓரளவு குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பான காற்று வருகிறது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் கம்ப்ரஸர் கெட்டுவிட்டது என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. கேஸ் எங்கோ கசிகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது; ஆனால் அந்த இடத்தை இதுவரை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. புதுக் கம்ப்ரஸர் போட்டாலும் அதே ஓட்டை வழியாக அதே கேஸ் வெளியேறும்.

ஏசி கேஸ் செலவாகிற பொருள் அன்று. பெட்ரோல் எரிந்து தீர்கிறது, என்ஜின் ஆயில் கறுத்துப்போகிறது, பிரேக் கட்டை தேய்கிறது. கேஸோ மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் ஆண்டுக்கு மிகச் சிறிய அளவு வெளியேறுவது இயல்பு. பல வருடங்களுக்கு ஒரு முறை அளவு குறைவதற்கு அது காரணமாகலாம். மூன்று வாரத்தில் குறைந்தால் அது ஓட்டைதான். சிறிய, நடுத்தரக் கார்களில் மொத்தமாக இருப்பதே பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் வரை. அதில் 100 கிராம் போனாலே வெயில் நாளில் தெரிந்துவிடும். "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், "எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாமல் நிரப்பப்படும் கேஸ் அத்தனையும் காற்றில் கலப்பதற்காகவே நிரப்பப்படுகிறது.

தேடத் தொடங்கும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஆர்-134ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் அதன் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்து, ஏறத்தாழ 0 முதல் 5 டிகிரியில் கொதிக்கும்படி செய்கிறார்கள். கொதிப்பதற்குத் தேவையான வெப்பத்தை அது காயிலின் மேல் வீசும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்தி, மிகவும் சூடாக்கி, முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு வெப்பம் நீங்க, ஆவி மீண்டும் திரவமாகிறது. டிரையரில் ஈரம் வடிக்கப்பட்டு, எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்ணிய துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, மறுபடியும் காயில். ஒரே கேஸ், ஒரே சுற்று.

ஆகவே சூடான காற்றுக்கான காரணம் இந்தச் சுற்றில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், சுற்றுக்கு வெளியேயும் இருக்கலாம். கருவி எதுவும் எடுப்பதற்கு முன் நான் செய்வது ஒரே ஒரு சோதனை: குளிர் உண்டாகவே இல்லையா, அல்லது உண்டாகி உங்களிடம் வந்து சேரவில்லையா என்று பிரிப்பது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரிலும் புளோயரை அதிக வேகத்திலும் வையுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து பானெட்டைத் திறந்து, என்ஜின் அறையின் பின்சுவருக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களைப் பாருங்கள். ஒன்று தடிமனானது, ஒன்று மெல்லியது. தடிமனான குழாய் கையில் ஜில்லென்று இருக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் அதன்மேல் நீர் முத்துமுத்தாகப் படிந்திருக்கும். மெல்லியது வெதுவெதுப்பாக இருக்கும். பெல்ட், விசிறி பக்கம் கை போகக் கூடாது. தொங்கும் துணியும் ஆபத்து. கம்ப்ரஸரிலிருந்து கன்டென்சருக்குப் போகும் குழாயைத் தொடவே தொடாதீர்கள், தோலைச் சுட்டுவிடும்.

தடிமனான குழாய் நன்றாகக் குளிர்ந்திருந்தும் உள்ளே சூடான காற்று வருகிறதென்றால், கேஸ், கம்ப்ரஸர், கன்டென்சர் மூன்றும் தத்தம் வேலையைச் செய்கின்றன. அவற்றில் கை வைப்பது வீண். டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலுக்கு அடுத்து ஹீட்டர் காயில் ஒன்று உண்டு. என்ஜினின் சூடான தண்ணீர் அதற்குள் ஓடுகிறது. எவ்வளவு காற்று அதன் வழியாகப் போக வேண்டும் என்பதை ஒரு சிறிய கதவு தீர்மானிக்கிறது. அந்தக் கதவைத் திருப்பும் மோட்டாரின் பிளாஸ்டிக் பற்கள் உடைந்து, கதவு சூட்டுப் பக்கமே நின்றுவிட்டால், குளிர்ந்த காற்று உடனே மறுபடி சூடாகிவிடும். வெப்பநிலைக் குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் இதுதான். இடது பக்கம் குளிர், வலது பக்கம் சூடு என்று வந்தாலும், இரு பக்கத்துக்கும் தனித்தனிக் கதவு உள்ள கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதையே. (கேஸ் குறைந்தாலும் சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் சூடாகும், குழாயைத் தொட்டுப் பார்த்திருந்தால் குழப்பம் வராது.)

என்னிடம் ஒருமுறை வந்த கார் இப்படித்தான் மூன்று பணிமனைகளைச் சுற்றியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸ் ஏற்றி, கடைசியில் இருக்க வேண்டியதைவிட வெகு அதிகமாக இருந்தது. அதனால் கம்ப்ரஸரைத் தாண்டிய பக்கத்து அழுத்தம் கூடி, கம்ப்ரஸரே அடிக்கடி நின்றது. பழுது என்னவோ உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த மோட்டாரில். அதை மாற்றி, கேஸை முழுக்க எடுத்து அளந்து போட்ட பிறகு அந்தக் காரில் வேறெதையும் தொட வேண்டியிருக்கவில்லை. குழாயைத் தொட்டுப் பார்க்கும் ஒரு நிமிடத்தை மூன்று இடத்திலும் யாரும் செலவிடவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

காற்று குளிர்ச்சியாக இருந்தும் வேகம் குறைவாக வந்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில் உள்ள கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அடைபட்ட ஃபில்டரோடு ஓடும் ஏசியில் கூலிங் காயில் உறைந்து பனி கட்டுவதும் உண்டு. அதன் அடையாளம் தனி: முதல் அரைமணி நேரம் நல்ல குளிர், பிறகு காற்றின் வேகம் குறைந்து சூடு, ஏசியை அணைத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் மறுபடி குளிர். காயில் வெப்பநிலையைக் கவனிக்கும் சென்சார் கெட்டாலும் இதே கதைதான்.

இனி, தடிமனான குழாய் குளிரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்க்க வேண்டியது கம்ப்ரஸர் வேலை செய்கிறதா என்பது. பழைய வகையில் கம்ப்ரஸரின் முன்னால் காந்தக் கிளட்ச் இருக்கும். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். ஏசி பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்று முன்தகடு அதோடு ஒட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கும். 1939-இல் பாக்கார்டு என்ற அமெரிக்கக் கார் நிறுவனம் காரில் ஏசியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இந்தக் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. இன்று நாம் கவனிக்காமலே விடும் அந்தத் தகடு எவ்வளவு பெரிய வசதி என்பது அப்போது தெரிகிறது.

தகடு ஒட்டவில்லை என்றால் உடனே கம்ப்ரஸரைக் குறை சொல்லக் கூடாது. ஒட்ட வேண்டாம் என்று காரே உத்தரவிட்டிருக்கலாம். கேஸ் மிகக் குறைந்தால் அழுத்த சென்சார் மின்சாரத்தை நிறுத்திவிடும்; ஏனென்றால் கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடுதான் சுற்றி வருகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் உலோகத்தோடு உலோகம் உராயும். சென்சாரின் கம்பிகளை நேராக இணைத்து கம்ப்ரஸரைக் கட்டாயப்படுத்தி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல கம்ப்ரஸரைக் கெடுக்க அதைவிட எளிய வழி இல்லை. என்ஜின் அளவுக்கு மேல் சூடானாலும், முழு வேகத்தில் முந்தும்போதும் கார் தானாகவே ஏசியைச் சற்று நிறுத்தும். இவை எதுவும் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு கிளட்ச் சுருளின் மின்தடை. 12 வோல்ட் சுருளில் இது பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

இங்கே ஒரு நுட்பமான பழுது உண்டு, பலரும் ஏமாறுவது இதில்தான். தகட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். பல கார்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து அந்த இடைவெளி கூடிவிட்டால், குளிர்ந்த சுருள் தகட்டை இழுத்துவிடும். அரைமணி ஓடிச் சுருள் சூடானதும் காந்த வலிமை குறைந்து இழுக்க முடியாமல் போகும். காலையில் நன்றாக வேலை செய்து நடுவழியில் நின்றுபோகும் ஏசிகளில் இதுவும் ஒரு காரணம். நின்றுபோன நேரத்தில் நீளமான மரக்குச்சியால் தகட்டை லேசாகத் தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். பழகிய கையால் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை அது. தகட்டுக்குப் பின்னால் உள்ள மெல்லிய வட்டத் தகடுகளில் ஒன்றை எடுத்தாலே பெரும்பாலும் இடைவெளி சரியாகிவிடும். இதற்காகக் கம்ப்ரஸரையே தூக்கி எறிந்த கார்கள் பல.

புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச்சே இல்லை. புல்லியோடு கம்ப்ரஸரும் எப்போதும் சுற்றும். உள்ளே ஒரு சாய்ந்த தட்டு கூடுதலாகவோ குறைவாகவோ சாய்ந்து எவ்வளவு கேஸ் அழுத்தப்படும் என்பதை மாற்றும். அந்தச் சாய்வை ஆள்வது மின்சாரத்தால் இயங்கும் சிறிய கட்டுப்பாட்டு வால்வு. அது கெட்டால் கம்ப்ரஸர் சுற்றும், அழுத்தம் ஏறாது. கேஜில், அதாவது அழுத்தமானியில், பார்ப்பவருக்குக் கம்ப்ரஸர் செத்தது போலவே தோன்றும். பல மாடல்களில் அந்த வால்வு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் கார் இந்த வகை என்றால், "வால்வைச் சோதித்தீர்களா?" என்று கேட்காமல் புதுக் கம்ப்ரஸருக்குச் சம்மதிக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிக்கு வருகிறேன்: ஓடும்போது குளிர், நின்றால் சூடு. இதற்கு முதன்மையான சந்தேகம் கன்டென்சர் மேலேயும் அதன் விசிறி மேலேயும்தான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கன்டென்சரின் வெப்பத்தை அடித்துக்கொண்டு போகிறது. நின்றதும் அந்த வேலை முழுக்க மின்விசிறியுடையது. அது சுற்றவில்லையென்றாலோ மெதுவாகச் சுற்றினாலோ, காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தைக் கொட்ட இடமில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், குளிர் நின்றுவிடும். ஏசி போட்ட சிறிது நேரத்திலேயே விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மட்டும் போதாது. ஒரு தாளை எடுத்து முன் கிரில்லுக்கு எதிரே பிடியுங்கள், உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். விசிறியை மாற்றியபோது கம்பிகளைத் தலைகீழாக இணைத்துவிட்டால் அது எதிர்த்திசையில் காற்றைத் தள்ளும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், எதிர்க்காற்றோடு மோதிக்கொண்டிருக்கும். அடுத்து கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும் கன்டென்சருக்குப் பின்னால் சருகும் பூச்சியும் புழுதியும் கம்பளம்போல் படிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஓர் எளிய சோதனை சொல்கிறேன். நின்ற நிலையில் சூடான காற்று வரும்போது, கன்டென்சர்மேல் குழாயால் தண்ணீரைத் தூவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். ஓரிரு நிமிடத்தில் உள்ளே குளிர் திரும்பினால், வெப்பம் வெளியேறாததுதான் சிக்கல். மாற்றமே இல்லையென்றால் கேஸ் குறைவின் பக்கம் சந்தேகம் சாய்கிறது. கேஸ் குறைந்த ஏசியும் நின்றால் சூடாகும், ஓடினால் ஓரளவு குளிரும். மெதுவாகச் சுற்றும் கம்ப்ரஸரால் இருக்கும் கொஞ்சம் கேஸைப் போதுமான அளவு தள்ள முடியாததே காரணம். அதனால்தான் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு பழுதும் ஒன்றுபோல இருக்கின்றன. உங்கள் காரில் இரண்டும் சேர்ந்தே இருந்தாலும் வியப்பில்லை.

இதற்கு மேல் போக கேஜ் வேண்டும், கம்ப்ரஸருக்கு முந்தைய தாழ்வழுத்தப் பக்கம், பிந்தைய உயரழுத்தப் பக்கம் என இரண்டு பக்கத்துக்கும். ஒரே ஒரு தாழ்வழுத்தக் கேஜை மாட்டி, முள் பச்சைக் கோட்டுக்கு வரும்வரை கேஸ் ஏற்றுவது சோதனை ஆகாது. என்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன காரில் அழுத்தத்தைப் பார்த்து, "கேஸ் நிறைய இருக்கிறது" என்று சொல்வதும் தவறு. 30 டிகிரி வெப்பத்தில் நிற்கும் ஆர்-134ஏ காரில் இரு பக்கமும் 95 முதல் 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அந்த எண் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. 500 கிராம் இருந்தாலும் 250 கிராம் இருந்தாலும் கேஜ் ஒன்றையே சொல்லும். நிற்கும் காரில் அந்த எண்ணைவிட வெகுவாகக் குறைந்து காட்டினால், கேஸ் கிட்டத்தட்டக் காலி என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஓடும்போது கேஜ் நிறையச் சொல்லும். வெளியே 30 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும் நாளில், என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் ஓடும்போது, ஆர்-134ஏ உள்ள நல்ல ஏசியில் தாழ்வழுத்தம் ஏறக்குறைய 25 முதல் 45 பிஎஸ்ஐ, உயரழுத்தம் 175 முதல் 250 பிஎஸ்ஐ வரை இருக்கும். இரண்டும் குறைந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் கூடியிருந்தால் விசிறி ஓடவில்லை, கன்டென்சர் அடைத்திருக்கிறது, கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. தாழ்வழுத்தம் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எங்கோ அடைப்பு. அடைப்புள்ள இடத்தில் குழாய் திடீரென்று குளிர்ந்து சில சமயம் பனி பூத்திருக்கும், கண்ணாலேயே காணலாம். தாழ்வழுத்தம் அதிகமாகவும் உயரழுத்தம் குறைவாகவும், இரண்டும் நெருங்கி நின்றால் மட்டுமே கம்ப்ரஸர் அழுத்தவில்லை என்று பொருள். உங்கள் பணிமனையார் கம்ப்ரஸர் என்று சொன்னபோது இந்த இரண்டு எண்களைக் காட்டினார்களா? காட்டவில்லையென்றால் அது ஊகம்.

இனி முக்கியமான வேலை, ஓட்டையைக் கண்டுபிடிப்பது. கேஸோடு எண்ணெயும் சேர்ந்து வருவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன்மேல் புழுதி ஒட்டி, கறுப்பாகத் தெரியும். கன்டென்சரில் அப்படி ஒரு திட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. வண்டிக்கு முன்னால் நின்று கல்லடி முழுவதையும் வாங்குவது அதுதான். சேறும் உப்பும் தங்கும் கீழ் மூலைகளில் அரிப்பும் சீக்கிரம் வரும். குழாய் இணைப்புகளில் உள்ள ஓ ரிங் எனும் ரப்பர் வளையங்கள், கம்ப்ரஸரின் முன் சீல், ஹோஸ் மடங்கி அழுத்தப்பட்டிருக்கும் முனைகள் எல்லாம் அடுத்த இடங்கள். சர்வீஸ் போர்ட்டை மறந்துவிடாதீர்கள். கேஸ் நிரப்பும் அந்த வாயில் உள்ள சிறு வால்வு கசிவதும், அதன் மூடியைப் போடாமல் விடுவதும் சாதாரணமாக நடக்கிறது. உங்கள் காரில் இரண்டு முறை கேஸ் நிரப்பியிருக்கிறார்கள். இரண்டாவது முறை இன்னும் வேகமாகத் தீர்ந்திருக்கிறது. ஆகவே அந்த வால்வில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

கூலிங் காயில் கசிந்தால் கண்டுபிடிப்பது கடினம், அது டேஷ்போர்டுக்குள் புதைந்திருக்கிறது. ஆர்-134ஏ காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். புளோயரைச் சற்று நேரம் அணைத்து வைத்து, காருக்கு அடியில் நீர் வடியும் குழாயின் வாயில் மின்னணுக் கசிவுமானியைக் காட்டினால் அது ஒலிக்கும். கேஸோடு ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டிய பிறகு புற ஊதா விளக்கில் பார்த்தால், கசிவிடத்தில் மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும்; காயிலில் கசிவென்றால் அந்த வடிகுழாயிலும் அதே நிறம் தெரியும். அவசரமில்லாத சிறு கசிவுகளுக்குச் சாயம்தான் நம்பகமான வழி.

பம்பால் உள்ளிருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்கிப் பார்க்கும் வாக்யூம் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. "வாக்யூம் வைத்து அரைமணி பார்த்தோம், முள் இறங்கவில்லை, கசிவே இல்லை" என்பார்கள். வாக்யூம் வைத்தால் வெளிக்காற்று உள்நோக்கித் தள்ளுவது ஒரு காற்றழுத்த அளவுக்குத்தான், சுமார் 15 பிஎஸ்ஐ. ஏசி ஓடும்போது உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளுவது 200 பிஎஸ்ஐக்கும் மேல். உள்ளே இழுக்கும்போது மூடிக்கொள்ளும் ஓ ரிங், வெளியே தள்ளும்போது திறந்துகொள்ளலாம். வாக்யூம் தேறாவிட்டால் கசிவு உறுதி. தேறிவிட்டால் கசிவு இல்லை என்று உறுதி கிடையாது. உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தோடு நிரப்பி, சோப்பு நீர் தடவிப் பார்ப்பதே சரியான சோதனை. சாதாரணக் காற்றை ஏற்றிப் பார்க்க விடாதீர்கள், அதில் ஈரம் இருக்கிறது.

ஓட்டை தெரிந்த பிறகு செய்யும் வேலையில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கழற்றிய ஒவ்வோர் இணைப்பிலும் புது ஓ ரிங், அதுவும் ஏசிக்கென்று செய்தது. போடும் முன் ஏசி எண்ணெயைத் தடவ வேண்டும். குழாய் திறந்தே கிடந்திருந்தால் டிரையரை மாற்ற வேண்டும், அதற்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் வெளிக்காற்றில் சீக்கிரமே நிறைந்துவிடும். பல கார்களில் அது கன்டென்சரின் ஓரத்திலேயே சிறு குப்பியாக இருக்கிறது. பழைய பாகத்தோடு போன எண்ணெயின் அளவுக்குப் புது எண்ணெய் சேர்க்க வேண்டும், கம்ப்ரஸர் கேட்கும் வகையிலேயே. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரஸர்களில் எண்ணெய் மின்காப்பு உள்ளதாக இருக்க வேண்டும். அங்கே சாதாரண எண்ணெய் சிறிது கலந்தாலும் ஆபத்து. அவற்றின் உயர்மின்னழுத்தக் கம்பிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது.

அதன் பின் குறைந்தது அரைமணி முதல் முக்கால் மணி வாக்யூம். இது காற்றை எடுப்பதற்கு மட்டுமன்று. அழுத்தம் அந்த அளவு குறைந்தால் குழாயில் தங்கிய நீர் சாதாரண அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். ஈரம் உள்ளே தங்கினால் எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளையில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். பிறகு பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து, எத்தனை கிராம் என்று பார்த்து, தராசில் வைத்து அளந்து நிரப்ப வேண்டும்.

அந்தச் சீட்டில் கேஸின் பெயரும் இருக்கும். புதிய கார்கள் பலவற்றில் ஆர்-134ஏ இல்லை, ஆர்-1234ஒய்எஃப் இருக்கிறது. ஆர்-134ஏ காற்றில் கலந்தால் நூறாண்டுக் கணக்கில் அதே எடைக் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அதை நிறுத்தியது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் ஏற்ற உடன்பாடும் உலகெங்கும் இவ்வகை கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஓட்டையை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே போவது எனக்கு ஏன் இவ்வளவு கோபமூட்டுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். இரண்டு கேஸையும் கலக்கக் கூடாது. ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றக்கூடியது, அதற்கேற்ற கருவிகள் வேண்டும். சமையல் எரிவாயு இனத்தைச் சேர்ந்த மலிவான கலவைகளை "மாற்றுக் கேஸ்" என்று தந்தால் மறுத்துவிடுங்கள். அது குளிரும், நன்றாகவே குளிரும். ஆனால் காயில் கசிந்தால் தீப்பற்றும் வாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நிறையும். ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கும் திரவமும் வேண்டாம். அது வால்வையும் அடைக்கும், அடுத்துக் கேஸ் எடுக்கும் இயந்திரத்தையும் பாழாக்கும்.

உண்மையிலேயே கம்ப்ரஸர் போயிருந்தால்? சத்தம், நெருங்கி நிற்கும் இரு அழுத்தங்கள், வடித்த எண்ணெயில் உலோகத்தூள்: இவற்றில் கடைசியது இருந்தால் கம்ப்ரஸரோடு கன்டென்சர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். இன்றைய கன்டென்சர்களின் நுண்குழல்களில் சிக்கிய தூளைக் கழுவி எடுக்க முடியாது. கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் அதே தூள் புதியதையும் தின்றுவிடும்.

உங்கள் காருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் விசிறியையும் தாள் சோதனையையும் நீங்களே செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை. பிறகு, கேஸைத் திரும்ப எடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பணிமனைக்குப் போய், நிரப்பச் சொல்லாதீர்கள். எடுத்து எடை போடச் சொல்லுங்கள். சீட்டில் 500 கிராம் என்றிருந்து 300 கிராம்தான் வந்தால் கசிவு உறுதி. நைட்ரஜன் ஏற்றி இடத்தைக் கண்டுபிடித்த பிறகே அடுத்த வேலை. ஏறக்குறைய முழு அளவும் வந்துவிட்டால் கசிவு என்ற என் கணிப்பு தவறு. அப்போது அதே கேஸை அளந்து போட்டு, இரண்டு கேஜையும் மாட்டி, நின்ற நிலையில் அந்த இரண்டு எண்களையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.